கஞ்சி காய்ச்சியவர் ஜெனீற்றா

1991 நவம்பர் 11 – அரிசி – ரூ. 640.00
1991 நவம்பர் 29 – அரிசி, பயறு – ரூ. 715.50
1991 டிசம்பர் 20 – உப்பு, மண்ணெண்ணெய் – ரூ. 188.00
1992 ஜனவரி 17 – அரிசி – ரூ. 702.00
1992 பெப்ரவரி 21 – அரிசி, பருப்பு – ரூ. 760.25

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள வேலணைத் தீவில், குறுகிய ஓர் ஒழுங்கையில் பதினெட்டுப் பேர் இந்தச் செலவில் உயிரோடு இருந்தார்கள். எல்லோரும் வயோதிபர். சேலைத் தலைப்பிலும் மடியிலும் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தந்த காசு இது. நான் அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். கடையில் மிஞ்சிய சரக்கை அளந்து கொடுத்தேன். சமைத்தவருக்குச் சம்பளம் இல்லாதபடியால் அவர் பெயரில் ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

1991 ஒக்ரோபரில் படையினர் தீவுப்பகுதிக்குள் வந்தபோது ஊர்ச் சனம் யாழ்ப்பாணப் பக்கம் போய்விட்டது. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பில், நடக்க முடியாத தாய் தகப்பன்மாருக்கு ஒரு குடம் தண்ணீரும் ஒரு பெட்டி மாவும் வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். பாதை மறுபடி திறந்தது 1996இல்.

எஞ்சி நின்றவர்களைக் கடற்படையினர் ஒரே ஒழுங்கையில் வந்து இருக்கச் சொன்னார்கள். அந்த ஒழுங்கையில் பெரிய வீடு பாலசிங்கத்தாருடையது. கால் விழுந்து படுக்கையில் இருந்த அவருக்காக மகள் சறோஜினிதேவி போகாமல் நின்றார். கணித ஆசிரியை. நாற்பத்துமூன்று வயது, கலியாணம் செய்யவில்லை. ஊர் முழுவதற்கும் அவர் ரீச்சர்.

ஜெனீற்றா கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய கணவர் வின்சன்ற் பிள்ளைகள் இருவரையும் முதலில் வள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தாயையும் மனைவியையும் ஏற்றத் திரும்பி வருவதாகப் போனவர். அதற்குள் கடல் மூடப்பட்டுவிட்டது. மூத்தவள் நிலக்சனாவுக்கு ஒன்பது வயது, ஜெனுஷனுக்கு ஆறு. ஜெனீற்றா மாமியாரைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, ரீச்சரின் வளவுக்குள் இருந்த விறகுக் கொட்டிலில் இருக்க இடம் கேட்டார். அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது.

எல்லோருக்கும் ஒரே உலையில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் ரீச்சர். ஆனால் அவருக்குச் சமைக்கத் தெரியாது. தாய் இருக்கும்வரை தாய் சமைத்தார், பிறகு ஒரு வேலைக்காரப் பெண். முதல் மூன்று நாளும் அவர் காய்ச்சியதை நானும் குடித்தேன். மூன்றாம் நாள், நான் அரிசிச் சாக்கைக் குசினிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஜெனீற்றா பின்கதவில் வந்து நின்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இது குடிக்கவோ, போஸ்ரர் ஒட்டவோ?”

“நீர் வந்து செய்து காட்டுமன்,” என்றார் ரீச்சர் கோபத்தோடு.

“செய்யலாம். ஆர் குடிக்கிறது?”

அந்த ஒழுங்கையில் இருந்தவர்களில் ஜெனீற்றாவின் மாமியாரைத் தவிர அனைவரும் சைவக் கமக்காரர். கடற்கரைப் பக்கத்தவர் கையால் சமைத்ததை அவர்கள் அதுவரை வாயில் வைத்ததில்லை. மீனை மட்டும் வாங்குவார்கள்; அதுவும் படலைக்கு வெளியே.

வழி சொன்னவர் ஜெனீற்றாதான். “நான் காய்ச்சிறன். நீங்கள் முகத்தில கொஞ்சம் கரியைப் பூசிக்கொண்டு தூக்கிக்கொண்டு போங்கோ.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ரீச்சர் உண்மையாகவே அடுப்புக்கரியைத் தொட்டுக் கன்னத்தில் இழுத்துக்கொண்டு, முந்தானையைச் செருகி, பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஐந்தாறு நிமிடத்தில் திரும்பி வந்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இலட்சுமிப்பிள்ளை அக்கா சொல்லுறா, எனக்கு அம்மான்ர கைப்பக்குவம் வந்திட்டுதாம்.”

“உங்கட அம்மா எங்கட கரையிலயோ பிறந்தவ?” என்று கேட்டார் ஜெனீற்றா.

இப்படித் தொடங்கியது நான்கு மாதம் நடந்தது. ஜெனீற்றா விடியப் பின்கதவால் போய் அடுப்பை மூட்டுவார். முருங்கையிலை, முல்லையிலை, வேலியோரத்துச் சாறணை என்று கிடைத்ததைப் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுவையில் இறக்குவார். பல் இல்லாதவர்களுக்குக் குழைய ஒன்று, நீரிழிவுக்காரருக்கு வடித்து ஒன்று. ரீச்சர் கொண்டுபோய்க் கொடுப்பார். ரீச்சருக்கு வேறு வேலை இருந்தால் பானையை ஜெனீற்றா தூக்கிச் செல்லலாம், ஆனால் அகப்பையை அவரவரே பிடிப்பது என்று ஒரு சட்டமும் உண்டானது. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. எல்லோரும் அதன்படி நடந்தார்கள்.

வேலை முடிந்தபின் இரண்டு பெண்களும் குசினியின் பின்படியில் இருந்து கதைப்பார்கள். அரிசி கொண்டுபோகும்போது நானும் சில வேளை கேட்டிருக்கிறேன். உப்பைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். வின்சன்ற்றிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கம் மூலம் உறை ஒட்டாமல் வந்த கடிதத்தை, பிள்ளைகள் சுகம் என்ற ஒரே வரிக்காக, ரீச்சர் எத்தனை தரம் வாசித்துக் காட்டினாரோ தெரியாது. ஜெனீற்றாவுக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. வேறொருவர் வாசிக்கக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஜனவரியில் மாமியார் இறந்தபோது குருவானவர் வர வழியிருக்கவில்லை. ரீச்சர்தான் செபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு குழியருகே வாசித்தார். அன்றைக்குப் பிறகு ஜெனீற்றாவை ‘நீர்’ என்று சொல்வதை விட்டு ‘நீ’ என்றார்.

ஜெனீற்றாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. மாமியாரின் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அதை அவர் சொன்னார்.

“ரீச்சர், நான் ஒண்டும் கேக்கேல்லை. ஒருநாளைக்கு இந்தச் சனத்துக்கு முன்னால, உவள்தான் காய்ச்சினவள் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லவேணும். கள்ளி மாதிரிப் பின்கதவால வந்து போறது எனக்குச் சரியில்லை.”

“சொல்லுவன். இப்ப சொன்னால் இதுகள் பட்டினி கிடந்து செத்துப்போங்கள். அப்பு முதல் ஆள்.” தகப்பன் பாலசிங்கத்தாரைத்தான் அவர் அப்பு என்பார்.

“பேந்து எப்ப?”

“அப்பு கண்ணை மூடட்டும்.”

“அவரோ? என்னையும் தாட்டுப்போட்டுத்தான் போவார்,” என்று ஜெனீற்றா எழுந்து போனார். ஆனால் அடுத்த நாள் விடிய அடுப்பு மூட்டப்பட்டது.

மார்ச் மாதத்தில் கடற்படையினர் பகல் வேளையில் கரையோரம் மட்டும் வலை வீச அனுமதித்தார்கள். ஐந்து மாதமாக ஊருக்குள் மீன் வரவில்லை. பன்னிரண்டாம் திகதி வியாழக்கிழமை ஜெனீற்றா முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு சிரட்டை இரண்டு சிரட்டை என்று சிறு இறால் சேர்த்து, அதை இடித்துக் கஞ்சியில் போட்டார். அன்று பானை வழித்தெடுக்கப்பட்டது. இலட்சுமிப்பிள்ளை, எழுபத்தெட்டு வயது, கண் தெரியாதவர், சுவரைப் பிடித்துப் பிடித்து இரண்டாம் தரம் கேட்டு வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிவாரணப் பதிவு ஒன்றுக்காக ரீச்சரும் நானும் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டியிருந்தது. தான் விடியவே காய்ச்சி வைத்துவிட்டதாகவும் ஜெனீற்றா பானையைக் கொண்டுவந்து வைப்பார் என்றும் ரீச்சர் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சைவர்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடமாட்டார்கள் என்பது மீன் விற்ற குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரியாத விடயமல்ல. அவர் அன்றைக்கு வெறும் பயறும் அரிசியும்தான் போட்டார். முதல்நாள் பானையைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, அதிலேயே காய்ச்சினார். அவருக்குத் தெரியாதது வேறொன்று. சைவ வீடுகளில் மச்சம் பட்ட மண்பானையை வெள்ளிக்கிழமை அடுப்பில் வைப்பதே இல்லை. விரதத்துக்கு என்று வேறு பானை பரணில் இருக்கும். கத்தோலிக்க வீட்டில் அப்படி இரண்டு பானை கிடையாது. நாலைந்து மாதமாக மீனே இல்லாதபடியால் இதைச் சொல்ல வேண்டிய தேவை ரீச்சருக்கு வரவில்லை. வியாழக்கிழமை இறால் போட்டபோதும் அவர் பதிவுப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

மண்பானை எவ்வளவு கழுவினாலும் சூடேறியதும் பழைய மணத்தை விடும். இலட்சுமிப்பிள்ளை கோப்பையை வாயருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தாராம்.

“மச்சப் பானை. சறோசா செத்தாலும் வெள்ளிக்கிழமை மச்சப் பானையை அடுப்பில வைக்கமாட்டாள். உதைக் காய்ச்சினது அவள் இல்லை. வேதக்காரிதான் காய்ச்சியிருக்கிறாள்.”

அதற்கு மேலும் சொன்னார். அவற்றை நான் எழுதவில்லை.

நாங்கள் பின்னேரம் திரும்பி வந்தபோது கோப்பைகள் படிகளில் வரிசையாக இருந்தன. ஒருவரும் தொடவில்லை. கஞ்சியின் மேல் ஆடை கட்டியிருந்தது. பாலசிங்கத்தாரின் கட்டில் யன்னலோரம் இருந்தது. அவர் மகளை யன்னலால் கூப்பிட்டார். ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது.

“ஆர் காய்ச்சினது?”

ரீச்சர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். ஜெனீற்றா கிணற்றடியில் வாளியோடு நின்றார். இருவருக்கும் இடையில் ஒரு முற்றம் தூரம்.

“இண்டைக்கு மட்டும்தான் அப்பு,” என்றார் ரீச்சர். “எனக்குப் போகவேண்டி வந்திட்டுது. அவ ஒரு உதவிக்கு வைச்சவ. இனி நடக்காது.”

ஜெனீற்றா வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தார். படிகளில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றி, கழுவிக் கவிழ்த்தார். பின் கொட்டிலுக்குள் போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு படலையால் வெளியே போனார். ஆட்கள் இல்லாத கரையில் அவருடைய வீடு இருந்தது. அங்கே போனார்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ரீச்சர் காய்ச்சினார். சனிக்கிழமை அரிசி வேகவில்லை. ஞாயிறு அடிப்பிடித்தது. திங்கட்கிழமை இரண்டும் சேர்ந்தது. அன்று மதியம் இலட்சுமிப்பிள்ளை ரீச்சரைக் கூப்பிட்டார். நான் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, எனக்குக் கண்தான் இல்லை. நாக்கு இருக்கு. நாலு மாசமா நான் திண்ட கை இது இல்லை.”

ரீச்சர் அவருடைய கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“இண்டைக்கு மட்டும் எண்டு கொப்பருக்குச் சொன்னாய். கொப்பர் நம்புவார், அவருக்கு எப்பவும் புளியும் உப்பும் ஒண்டுதான். அவளை எங்க விட்டனி?”

“நீங்கள்தானே அக்கா கோப்பையைத் தொடேல்லை.”

“நான் பானைக்குக் கோபிச்சனான். அவளுக்குக் கோபிச்சதெண்டு ஆர் சொன்னது?”

வெள்ளிக்கிழமை அவர் கோபித்தது பானைக்கு மட்டும் அல்ல என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ரீச்சர் அதைச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேறொன்று இருந்தது. அன்று பின்னேரம் அவர் ஒழுங்கையின் நடுவில், வகுப்பில் நிற்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லோரையும் வாசலுக்கு வரச் சொன்னார்.

“முதல் மூண்டு நாளும் இந்த மூண்டு நாளும்தான் நான் காய்ச்சினது. மிச்சம் முழுக்க ஜெனீற்றா. வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னனான். நாளைக்கு அவவைப் போய்க் கூப்பிடப்போறன். வேண்டாம் எண்டுற ஆக்கள் இப்பவே சொல்லுங்கோ, அரிசியாய் அளந்து தாறன்.”

இரண்டு பேர் அரிசி கேட்டார்கள். பாலசிங்கத்தார் யன்னலின் ஒரு கதவைச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை ரீச்சர் கரைக்குப் போனார். காவலரணைத் தாண்டிப் போகவேண்டும் என்பதால் நானும் துணைக்குப் போனேன். ஜெனீற்றா வாசலில் இருந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“என்ன ரீச்சர், அரிசி முடிஞ்சுதோ, சனம் முடிஞ்சுதோ?”

“நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“நீதான் காய்ச்சினதெண்டு. நான் பொய் சொன்னதெண்டு.”

ஜெனீற்றா வலையைக் கீழே வைத்தார். “நான் நிண்ட இடத்தில இல்லை எண்டு சொன்னீங்கள். நான் இல்லாத இடத்தில ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள்.”

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“வா,” என்றார் ரீச்சர். “நீ நிக்கேக்க சொல்லுறன்.”

“கொப்பருக்கு முன்னாலயோ?”

“அப்புவுக்கு முன்னால.”

ஜெனீற்றா முன்படலையால் வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் படலையால் நுழைந்து நான் பார்த்ததில்லை. ரீச்சர் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு நேரே நின்று, முதல்நாள் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் திரும்பச் சொன்னார். பாலசிங்கத்தார் கூரை மோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு நீயே காய்ச்சு,” என்றார் முடிவில்.

அன்றிலிருந்து அடுப்பு குசினியிலிருந்து முற்றத்து வேம்பின் கீழ் வந்தது. எல்லோரும் பார்க்கச் சமைப்பது என்று ஜெனீற்றா சொல்லிவிட்டார். அகப்பையும் அவர் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று பரணில் இருந்த பானை இறங்கியது. முதல் கோப்பையை நீட்டியவர் இலட்சுமிப்பிள்ளை.

“ஏனடி, மூண்டு நாளா எங்களைப் பட்டினி போட்டனி?”

“பட்டினியோ? ரீச்சர் காய்ச்சித் தந்தவ தானே, ஆச்சி.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

அரிசி கேட்ட இருவரில் ஒருவர் ஒரு மாதத்தில் கோப்பையோடு வந்தார். மற்றவர் கடைசிவரை வரவில்லை. பாலசிங்கத்தார் 1993 ஜூனில் இறக்கும்வரை மகள் காய்ச்சியதையே குடித்தார். அது நல்லாயிருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

பாதை திறந்த ஆண்டில் வின்சன்ற் பிள்ளைகளோடு திரும்பி வந்தார். ஒன்பது வயதில் போன மகள் பதினான்கு வயதில் தாய்க்கு முன்னால் வந்து நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பதினெட்டுப் பேரில் அப்போது பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் வந்து கூட்டிப்போனார்கள். சிலர் காசு அனுப்பினார்கள். ஜெனீற்றா குடும்பம் ஊர்காவற்றுறைக்குப் போனது. ரீச்சர் 1999இல் தம்பியிடம் கனடாவுக்குப் போனார். அவருக்குக் காது மந்தம். தொலைபேசியில் இருவரும் கத்தி, ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமல், கடைசியில் கடிதமே போதும் என்று விட்டுவிட்டார்கள். வருடத்தில் மூன்று நான்கு கடிதம் வரும். என் முகவரிக்குத்தான் வரும், ஊர்காவற்றுறைக்கு நான் கொண்டுபோய் வாசிப்பேன். வழக்கம் மாறவில்லை, இன்னும் ஜெனீற்றாவுக்கு வேறொருவர் வாசிக்கக் கேட்க வேண்டும்.

2022 நவம்பரில் ரொறன்ரோவில் உள்ள எமது ஊர்ச் சங்கம் ஒரு மலர் வெளியிட ஏற்பாடு செய்தது. நிலாந்தினி என்ற பிள்ளை அதற்குப் பொறுப்பு. திகதிகள் சரியா என்று பார்க்கச் சொல்லி எனக்கு ஒரு கட்டுரையை அனுப்பினாள். திகதிகள் சரி. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: “எமது பெற்றோருக்கு ஐந்து ஆண்டுகள் தன் கையாலேயே கஞ்சி காய்ச்சி ஊட்டியவர் சறோஜினிதேவி ஆசிரியை.” ஆதாரம் கேட்டேன். அந்தக் காலத்தில் பெற்றோர் செஞ்சிலுவைக் கடிதங்களில் எழுதி அனுப்பியதாம். ரீச்சர் காய்ச்சித் தருகிறார் என்று அந்த முதல் நான்கு மாதத்தில் எழுதியவை பிள்ளைகளிடம் பத்திரமாக இருந்தன. பிறகு வேறு விதமாக எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை.

நான் அதைக் கொண்டுபோய் ஜெனீற்றாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தானே வாசித்தார்.

“திருத்தி அனுப்பட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம் அண்ணை. அவவுக்கு இப்ப எழுபத்துநாலு. அங்க இருக்கிற சனத்துக்கு முன்னால அவவைக் குறைச்சுப் போடவேண்டாம்.”

“சனத்துக்கு முன்னால சொல்லவேணும் எண்டு நீர்தானே நிண்டனீர்.”

“ஓம். அவ சொல்லவேணும் எண்டு நிண்டனான். நீங்கள் சொல்லுறதுக்கு இல்லை.”

நிலாந்தினிக்கு, திகதிகள் சரி, ஆனால் ஆசிரியையிடம் ஒருமுறை காட்டி அச்சிடவும் என்று எழுதினேன். ரீச்சருக்கும் அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

டிசம்பர் போனது. ஜனவரியில் மலர் அச்சாகி வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. ரீச்சருக்குக் காட்ட நேரமிருக்கவில்லை என்று நிலாந்தினி எழுதியிருந்தாள். ரீச்சரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஜெனீற்றா கடிதம் வந்ததா என்று கேட்கவில்லை. ஆனால் நான் போன நாட்களில் என் கையிலிருந்த பையைப் பார்ப்பார்.

மார்ச் முதல் வாரத்தில் ரீச்சருக்கு வாதம் வந்து வலது கை இழுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. கடிதம் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்டது. நான் அனுப்பிய பக்கத்தில் அந்த வரியை அடிமட்டம் வைத்துக் குறுக்கே வெட்டி, கீழே பழைய கணித ஆசிரியையின் எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: “காய்ச்சியவர் ஜெனீற்றா வின்சன்ற். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் காய்ச்சவில்லை என்று சொன்னேன். மலர் அச்சாகிவிட்டதாக அறிந்தேன். தியாகலிங்கம் அண்ணை, இதை நீங்கள் எங்காவது அச்சில் போடுங்கள். என் பெயரோடு போடுங்கள்.”

மறுநாளே ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனேன். ஜெனீற்றா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் கேட்டார். அதையும் வாசித்தேன்.

“வெள்ளிக்கிழமையையும் எழுதிப்போட்டாவோ?”

“ஓம்.”

“அது எனக்கும் அவவுக்கும் உள்ளதெண்டு நினைச்சன்.” பக்கத்துக்குக் கை நீட்டியபடி சொன்னார்: “அவ சொல்லிப்போட்டா. அப்ப போடுங்கோ.”

பக்கத்தை வாங்கி மடித்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். உறை மட்டும் என்னிடம் இருக்கிறது. ரீச்சரால் அதன்பின் எழுத முடியவில்லை. வந்த கடிதங்களில் அதுவே கடைசி. அது என் கைக்கு வந்தது 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.